ஒன்றரை வோல்ட்

பிலோமினா டீச்சரின் இதயத்துக்குள் ஓடிய ஒரு கம்பியை ஏழு மாத காலம் செத்த கம்பியாக வைத்திருந்தவன் நான். தவறுதலாக அல்ல... மறதியால் அல்ல... தெரிந்தே!

இதை இதுவரை எவரிடமும் சொன்னதில்லை. இப்போது உன்னிடம் சொல்கிறேன். உன் மேல் உள்ள நம்பிக்கையால் என்று எண்ணி மகிழ்ந்துவிடாதே. நீ யாரென்றே எனக்குத் தெரியாது, அதனால்தான் சொல்கிறேன். தெரிந்தவர்களிடம் சொல்லும் துணிவு இருந்திருந்தால் அந்த ஏழு மாதத்தில் ஒரு நாளாவது வாயைத் திறந்திருப்பேன்.

என் பெயர் சேகர். அடையாறு பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில், பேஸ்மேக்கர் வைத்தவர்களைச் சோதிக்கும் அறையில், இருபது ஆண்டுகளுக்கு மேலாக டெக்னீஷியன். டாக்டர் அல்ல. நானே முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறேன். என் அறைக்குள் வருகிற ஒவ்வொருவரும் முதலில் என்னைப் பார்ப்பார்கள், பிறகு எனக்குப் பின்னால் யாராவது இருக்கிறார்களா என்று பார்ப்பார்கள். "டாக்டர் வரமாட்டாரா?" இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டே எனக்குத் தலை நரைத்தது.

என் வேலை எளிதாகத் தோன்றும். நோயாளியின் நெஞ்சின் மேல் உள்ளங்கை அளவு கருவி ஒன்றை வைப்பேன். தோலுக்கு அடியில் இருக்கும் பேஸ்மேக்கர் என் திரையோடு பேசத் தொடங்கும். ஒவ்வொரு கம்பியும் இதயத் தசையைச் சரியாகத் தட்டுகிறதா, எவ்வளவு வோல்ட்டில் தட்டுகிறது, எவ்வளவு குறைத்தால் தட்டு பலிக்காமல் போகிறது என்றெல்லாம் பார்ப்பேன். விரலால் திரையைத் தொட்டால் போதும், ஒரு மனிதரின் நாடித்துடிப்பை ஏற்றலாம், இறக்கலாம். அந்த விரலைத்தான் நீ பார்க்க வேண்டும். மற்றபடி என்னிடம் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை.

பிலோமினா டீச்சர் பிறக்கும்போதே இதயத்தின் கீழறைகள் இரண்டும் இடம் மாறிப் பிறந்தவர். பக்கத்திலிருக்கும் நுரையீரலுக்கு இரத்தம் அனுப்பினால் போதும் என்று படைக்கப்பட்ட மெல்லிய அறை, உடல் முழுவதற்கும் இறைக்கும் வேலையில் மாட்டிக்கொண்டது. சிறுவயதில் யாருக்கும் அது தெரியவில்லை. முப்பத்திரண்டு வயதில், மயிலாப்பூரில் ஒரு பள்ளியில் ஆங்கிலப் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர், கரும்பலகைக்கு முன்னால் மயங்கி விழுந்தார். நாடி மிகவும் குறைந்துவிட்டிருந்தது. சாதாரண பேஸ்மேக்கர் ஒன்றை வைத்து உயிரைக் காப்பாற்றினார்கள்.

ஆனால் அந்தப் பேஸ்மேக்கர் கீழறைகளில் ஒரு பக்கத்தை மட்டுமே தட்டியது. தட்டிய பக்கம் முதலில் சுருங்கும். மறுபக்கம் பின்தங்கிச் சுருங்கும். ஒரு வண்டியில் பூட்டிய இரண்டு மாடுகளில் ஒன்று முன்னால் இழுக்க, மற்றொன்று தாமதமாகக் கால் எடுத்து வைத்தால் எப்படியிருக்கும்? ஏற்கெனவே சக்திக்கு மீறி உழைத்த அறை ஆண்டுக்கணக்கில் இப்படி இழுபட்டுத் தளர்ந்தது, பெருத்தது. நாற்பத்தொரு வயதில் டீச்சருக்கு நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது.

எங்கள் பெரிய டாக்டர் இன்னொரு கம்பியைச் செலுத்தினார். இனி இரு பக்கத்தையும் ஒரே கணத்தில் மின்சாரம் தட்டும். இரண்டும் சேர்ந்தே சுருங்கும். இடம் மாறிய இதயத்தில் அந்தக் கம்பி போய்ச் சேர வேண்டிய இரத்தக்குழாயைக் கண்டுபிடிப்பதே பெரும்பாடு. பாதி நாள் போராடி அதைச் செய்தார். பக்கத்தில் நின்று ஒவ்வோர் இடமாக அளந்து சொன்னவன் நான். "இதுதான் சார், இங்க நல்லா புடிக்குது" என்று சொன்னதும் நான்தான்.

மூன்றே மாதத்தில் டீச்சர் ஆளே மாறிவிட்டார். சாந்தோமில் இரண்டாம் மாடி வீடு. வழியில் நிற்காமல் ஏறினாராம். லஸ் முனையில் பேருந்திலிருந்து இறங்கிப் பள்ளி வரைக்கும் நடந்தே போனாராம். இதையெல்லாம் டாக்டரிடம் சொன்னார். டாக்டருக்கு நன்றி சொன்னார். நான் அறை மூலையில் ஈசிஜி காகிதம் கிழித்துக்கொண்டிருந்தேன்.

அன்றுதான் டீச்சரின் சிவப்புப் பேனா வெளியே வந்தது.

நான் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து கொடுத்த அறிக்கையை டாக்டர் முன்னாலேயே வைத்து, ஆறு இடங்களில் வட்டம் போட்டார். ஓரத்தில் சரியான எழுத்தை எழுதினார். பள்ளிப் பிள்ளைக்குத் திருத்துவதுபோல!

"கோவிச்சுக்காதீங்க சேகர். பழக்கதோஷம். தப்பப் பாத்தா கை சும்மா இருக்க மாட்டேங்குது" என்றார் சிரித்துக்கொண்டே.

டாக்டரும் சிரித்தார். "டீச்சர், இவனுக்கு சாயங்காலத்துல டியூஷன் எடுங்களேன். உங்களுக்கு புண்ணியமா போகும்."

நர்ஸுகளுக்கு விஷயம் போயிற்று. ஒரு மாதம் எனக்கு அங்கே 'ஆறு தப்பு' என்று பெயர். "ஆறு தப்பு சாப்ட்டாச்சா?" "ஆறு தப்பு லீவா?"

இவ்வளவுதானா என்கிறாய். ஆமாம், இவ்வளவுதான்! என் தங்கையின் வாழ்வைக் கெடுத்தவரா அவர்? என் சொத்தைப் பறித்தவரா? இல்லை. ஆறு சிவப்பு வட்டங்கள். நீ மட்டும் என்ன? உன்னைப் பார்த்து ஒருவர் சிரித்ததை எத்தனை ஆண்டு மனத்தில் போட்டு வளர்த்து வைத்திருக்கிறாய்? உன் கையில் இதயத்தைத் தொடும் கருவி இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். முகத்தைச் சுளிக்காதே.

அன்று முதல் வெளியில் 'டீச்சர்', 'வாங்க', 'உட்காருங்க'. மனத்துக்குள் 'அவள்'.

பிறகு அவருக்கு வயிறு துடிக்க ஆரம்பித்தது. இந்தச் சிகிச்சையில் சிலருக்கு அப்படி ஆகும். இதயத்தைத் தட்டும் மின்சாரம் பக்கத்தில் ஓடும் நரம்பையும் தொட்டுவிட்டால், விக்கல் எடுப்பதுபோல, ஒவ்வொரு துடிப்புக்கும் விலாவுக்குக் கீழே ஓர் உதை விழும். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் இன்னும் அதிகம். உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் நிமிடத்துக்கு எழுபது முறை உதைத்தால் யாரால் தூங்க முடியும்?

முதல் முறை வந்தார். கொஞ்சம் வோல்ட்டைக் குறைத்தேன். நிற்கவில்லை. இரண்டாம் முறை வந்தார். "சரியாப் போயிடும், பொறுத்துக்கோங்க" என்று அனுப்பினேன். மூன்றாம் முறை என்னிடம் வரவில்லை. நேரே டாக்டரிடம் போனார்.

"நான் சொல்றத அவரு காதுலயே வாங்கறதில்ல, டாக்டர்" என்று அவர் சொன்னது கதவு வழியாக எனக்குக் கேட்டது. உண்மைதானே? நான் காதில் வாங்கவில்லைதான். உண்மையாக இருந்ததால்தான் அத்தனை எரிந்தது.

டாக்டர் வெளியே வந்து, வராந்தாவில் நோயாளிகள் வரிசையாக உட்கார்ந்திருக்க, எல்லார் முன்னாலும் கத்தினார். "ஒரு லேடியோட வயித்துத் துடிப்ப நிறுத்தத் தெரியல, உனக்கு எதுக்குய்யா தனியா ஒரு ரூமு?"

அது டிசம்பர் மாதம். காலை பதினொரு மணி இருக்கும். டீச்சர் என் அறைக்குள் வந்து படுத்தார். நான் கருவியை நெஞ்சில் வைத்தேன்.

என்ன செய்திருக்க வேண்டும் என்று சொல்கிறேன், கேள். அந்தக் கம்பியின் நுனியில் நாலு இடங்களில் மின்சாரம் பாயும் முனைகள் உண்டு. எந்த முனையிலிருந்து எந்த முனைக்குப் பாய வேண்டும் என்று மாற்றி மாற்றிப் பார்த்தால், நரம்பைத் தொடாமல் இதயத்தை மட்டும் தட்டும் ஒரு வழி பெரும்பாலும் கிடைத்துவிடும். அரை மணி நேரம் பிடிக்கும். பொறுமை வேண்டும். நோயாளியோடு பேசிக்கொண்டே செய்ய வேண்டும்.

நான் வெறுமனே வோல்ட்டைக் குறைத்துக்கொண்டே போனேன்.

"இப்ப துடிக்குதா?"

"துடிக்குது."

மூன்று வோல்ட். "இப்ப?"

"கொஞ்சமா."

இரண்டரை... இரண்டு... "இன்னும் லேசா இருக்கு, சேகர்."

ஒன்றரை.

"அப்பாடா! நின்னுபோச்சு!"

சேமித்தேன். கருவியை எடுத்தேன். தட்டு பலிக்கிறதா என்ற சோதனையைச் செய்யவில்லை. அறிக்கையில் சென்ற முறையின் எண்களை அப்படியே இறக்கி, 'சோதிக்கப்பட்டது' என்று போட்டேன். அலட்சியம், அவ்வளவுதான்... என்று இவ்வளவு நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

பொய்!

உன்னிடமும் இப்போது அதையேதான் சொல்லப் பார்த்தேன், கவனித்தாயா? இவ்வளவு தூரம் வந்தும் பொய் சொல்கிறவன் நான். சோதிக்கத் தேவையே இருக்கவில்லை. திரையில் இதயத்தின் அலை ஓடிக்கொண்டுதான் இருந்தது. இரண்டு வோல்ட் வரை ஒடுங்கி, கூர்மையாக இருந்த அலை, ஒன்றரையைத் தொட்டதும் சட்டென்று அகன்று பருத்தது. அந்தக் கம்பி பிடிப்பை விட்டுவிட்டது, பழையபடி ஒரு பக்கம் மட்டும்தான் தட்டப்படுகிறது என்று பொருள். பதினெட்டு ஆண்டு பார்த்த கண். அதற்குத் தெரியாதா? தெரிந்தது. ஒரு கணம் விரல் திரைக்கு மேல் நின்றது. 'நிக்கணும்னுதானே கேட்ட? நின்னுபோச்சு, போ' என்று மனத்துக்குள் சொன்னேன்.

அழுத்தினேன்.

அவரைக் கொல்ல எண்ணினேனா? இல்லை என்று சத்தியம் செய்வேன். அவர் கொஞ்சம் கஷ்டப்பட வேண்டும் என்று எண்ணினேனா? ... ஆமாம். ஒரு வாரம் மூச்சு வாங்கட்டும், திரும்பி வரட்டும், அப்போது நான் சரி செய்வேன், டாக்டரால் முடியாததை நான் செய்தேன் என்று ஆகட்டும். இதுதான் என் மனத்தில் இருந்தது. இத்தனை சின்னப் புத்தி ஒரு மனிதனுக்குள் இருக்குமா என்று வியக்கிறாயா? வியந்துகொள்.

ஆனால் அவர் ஒரு வாரத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு வரவில்லை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள், கையில் கேக் டப்பாவோடு வந்தார்! கூடவே அவர் கணவர் அருள்தாஸ். வடபழனி பஸ் டிப்போவில் மெக்கானிக். நகக்கண்ணில் கிரீஸ் கறை போகாத மனிதர்.

"நிம்மதியாத் தூங்கறேன், சார்" என்றார் டீச்சர். முதல் முறையாக 'சார்'! "அன்னிக்கு டாக்டர் கிட்ட உங்களப் பத்தி அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. அந்த ரெட் இங்க் விஷயமும்... எனக்கு ரொம்ப நாளா மனசு உறுத்திக்கிட்டே இருந்தது. மன்னிச்சுடுங்க."

அருள்தாஸ் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "டீச்சரு யாராண்டயும் மன்னிப்பு கேக்காதுண்ணா. என்னாண்ட ஒரு தபா கேட்டதில்ல. நீங்க பெரிய ஆளுதான்!"

அவருக்கு மனைவியும் 'டீச்சரு'தான்.

அன்று அந்தப் படுக்கை காலியாகத்தான் இருந்தது. 'ஒரு நிமிஷம் படுங்க, ஒரு தடவை பாத்துடறேன்' என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். வாய் வரை வந்தது. மறுபடியும் வயிறு துடிக்குமே, ஏன் ஏற்றினாய் என்று கேட்பார்களே, இறக்கியபோது ஏன் பார்க்கவில்லை என்று அடுத்த கேள்வி வருமே... கேக்கை வாங்கி வைத்துக்கொண்டேன். "ஹாப்பி கிறிஸ்துமஸ்" என்றேன்.

மார்ச்சில் வந்தபோது கணுக்காலில் வீக்கம் இருந்தது. பேசும்போது வாக்கியத்தின் நடுவில் நிறுத்தி மூச்சு எடுத்தார். டாக்டர் ஸ்கேனைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். என்னைக் கூப்பிட்டார்.

"வயர் புடிக்குதா? செக் பண்ணியா?"

"பண்ணிட்டேன் சார். தொண்ணூத்தொன்பது பர்சென்ட் பேஸ் ஆகுது."

இந்த எண் பொய்யில்லை. பேஸ்மேக்கர் தான் எத்தனை முறை தட்டியது என்று மட்டும்தான் எண்ணும். தட்டியது இதயத்தில் பலித்ததா என்று அதற்குத் தெரியாது. காலி வீட்டுக் கதவைத் தட்டினாலும் கணக்கில் ஏறும். அந்த எண்ணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

டாக்டர் ஈசிஜி காகிதத்தைத் தூக்கிப் பார்த்தார். "அலை முன்ன மாதிரி இல்லையேடா? அகலமா இருக்கே?"

"ஹார்ட் பெருசாயிடுச்சில்ல சார்... அதான்."

அவர் என்னை நம்பினார். கத்துகிற மனிதர்தான், ஆனால் பதினெட்டு ஆண்டு என் எண்களை நம்பித்தான் மருந்து எழுதினார். "இந்த மாதிரி பிறவிக் கோளாறு இருக்கிற ஹார்ட்ல எல்லாருக்கும் இது கை குடுக்காதும்மா" என்று டீச்சரிடம் மெதுவாகச் சொன்னார். டீச்சர் தலையாட்டினார். ஏதோ தன்மேல்தான் தப்பு என்பதுபோல, "நான் உப்பு கொஞ்சம் சேத்துக்கறேன் டாக்டர், அதனால இருக்குமோ?" என்று கேட்டார்.

நான் மூலையில் நின்றுகொண்டிருந்தேன்... உப்பு! ...

ஜூனில் பள்ளி திறந்தபோது டீச்சர் போகவில்லை. எனக்கு அது டீக்கடையில் தெரிந்தது. நான் இருப்பது கோடம்பாக்கத்தில். வடபழனி டிப்போவுக்கு எதிரே ஒரு கடையில் காலையில் டீ குடிப்பது வழக்கம். அருள்தாஸ் அங்கே வந்து நின்றார். தாடி வளர்ந்திருந்தது.

"டீச்சரு வேலைய வுட்டுட்சிண்ணா. மேல் மாடி கிளாஸு. ஏற முடியல. கீழ கிளாஸு கேட்டு நின்னுச்சு, இல்லன்ட்டாங்க. லெட்டரு எழுதிக் குட்த்துட்டு வந்து, ரெண்டு நாளு செவுத்தயே பாத்துக்கினு குந்திகினு இருந்துச்சு." டீயை ஆற விட்டுவிட்டுப் பேசினார். "ஹார்ட்ட மாத்தணும்ன்றாங்கோ. அதுக்கும் லங்ஸுல பிரஷர் ஏறிக் கீதாம், கஷ்டம்ன்றாங்கோ. நீங்க டெய்லி பாக்குற ஆளு. உண்மைய சொல்லுங்கண்ணா, இன்னாதான் ஆச்சு அதுக்கு?"

"பாக்கலாம் அருள். கடவுள் இருக்காரு" என்றேன்.

கடவுளை நம்புகிறவன் அல்ல நான். அந்த நேரத்தில் பழி போட வேறு ஆள் கிடைக்கவில்லை.

ஜூலையில் வோல்ட்டை ஏற்றினேன்.

அருள்தாஸின் ஆறிய டீ என்னைத் திருத்திவிட்டது என்று நினைக்கிறாய், அப்படித்தானே? நல்ல மனம் உனக்கு. கதை அப்படி முடிந்தால் நீ புத்தகத்தை மூடிவிட்டு நிம்மதியாகத் தூங்குவாய். நடந்தது வேறு. கருவி செய்யும் கம்பெனியிலிருந்து ஓர் ஆளை வரவழைத்து, டீச்சரின் பேஸ்மேக்கரை முழுவதுமாக ஆராயச் சொல்லலாம் என்று டாக்டர் முடிவு செய்தார். அந்த ஆள் வந்தால் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவான். அவன் வருவதற்கு இரண்டு நாள் முன்னால், "ஒரு சின்ன செக்கப்" என்று டீச்சரை நானே வரவழைத்தேன்.

அருள்தாஸ் அவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார். நான் மூன்று வோல்ட்டுக்கு ஏற்றினேன். அலை சட்டென்று ஒடுங்கியது; கூர்மையாயிற்று. வயிறு உதைக்கத் தொடங்கியது. டீச்சர் பல்லைக் கடித்துக்கொண்டார். முன்போல எதுவும் சொல்லவில்லை. சொல்லும் தெம்பு இல்லை. அவர் பேசாமல் இருந்தது எனக்குத் தாங்கவில்லை. கம்பியின் முனைகளை மாற்றி மாற்றிப் பார்த்தேன். மூன்றாவது முயற்சியில் உதை நின்றது. அலை கூர்மையாகவே இருந்தது. இதயமும் பிடித்தது, வயிறும் துடிக்கவில்லை.

கடிகாரத்தைப் பார்த்தேன். இருபத்தைந்து நிமிடம்.

இருபத்தைந்து நிமிடம்! டிசம்பரில் நான் கொடுக்க மறுத்தது அவ்வளவுதான்.

டாக்டரிடம் போய், "சார், வயர் புடிப்பு விட்டுப்போயிருந்தது, இப்பதான் விட்டிருக்கும் போல, கண்டுபிடிச்சு வேற முனைக்கு மாத்திட்டேன்" என்றேன். டாக்டர் எழுந்து வந்து என் முதுகில் தட்டினார். கம்பெனி ஆளை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அடுத்த வாரம் மற்ற டாக்டர்கள் கூடியிருந்த அறையில் என்னை எழுந்து நிற்கச் சொல்லி, "எங்க சேகர் இல்லன்னா இந்தக் கேஸ நாங்க கைவிட்டிருப்போம்" என்றார். கை தட்டினார்கள். பதினெட்டு ஆண்டில் எனக்கு விழுந்த முதல் கைதட்டல். காது சூடாக இருந்தது. அது வெட்கமா, மகிழ்ச்சியா? இரண்டும் இருந்தன. இரண்டும்!

டீச்சர் தேறினார். வீக்கம் வடிந்தது. சக்கர நாற்காலி போயிற்று. ஆனால் முழுதாகத் திரும்பவில்லை. ஏழு மாதம் ஒழுங்கு தப்பி அடித்துக்கொண்ட அறை பெருத்தது பெருத்ததுதான். ஓரளவுக்கு மேல் சுருங்கி வரவில்லை. வாரத்துக்கு ஒரு முறை, ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்கு மட்டும், ஒவ்வொரு படியாக இறங்கி வருவார். பள்ளிக்குப் பிறகு போகவே இல்லை.

மறு ஆண்டு மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தது. நெஞ்சில் சளி கட்டியது. வேறொருவர் என்றால் மருந்து சாப்பிட்டு எழுந்திருப்பார். டீச்சரின் இதயம் எட்டு நாள் தாங்கியது. ஒன்பதாம் நாள் காலையில் எங்கள் மருத்துவமனையிலேயே இறந்தார்.

அந்த ஏழு மாதம் வீணாகாமல் இருந்திருந்தால் பிழைத்திருப்பாரா? தெரியாது. யாருக்கும் தெரியாது. டாக்டருக்கே தெரியாது. அந்தத் தெரியாமை எனக்கு ஆறுதல் என்று நினைக்காதே. 'நான்தான் கொன்றேன்' என்று தெரிந்தால் அதை ஒரு பெயர் சொல்லியாவது அழைக்கலாம். இதற்குப் பெயரும் இல்லை.

அன்று மத்தியானம் அருள்தாஸ் எனக்குப் போன் செய்தார்.

"அண்ணா... டீச்சரு உள்ள அந்த மெஷினு... அது இன்னும் தட்டிக்கினேவா கீது?"

"ஆமா அருள். பேட்டரி இருக்கிற வரைக்கும் தட்டும்."

"வந்து நிறுத்திடுங்கண்ணா. போதும் அதுக்கு."

புதைப்பதற்கு முன் அதை நிறுத்த வேண்டும் என்று கட்டாயமில்லை. ஆனால் அந்தக் குரலிடம் எப்படிச் சொல்வது? டாக்டரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, சோதனைக் கருவியைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் சாந்தோம் போனேன். அந்த இரண்டு மாடிப் படியை அன்றுதான் முதல் முறையாக ஏறினேன். ஒடுங்கிய படி, உயரமான படி. எனக்கே மூச்சு வாங்கியது.

ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்த பெண்கள் விலகி வழி விட்டார்கள். "ஆஸ்பத்திரி சார் வந்துட்டாரு" என்று யாரோ சொன்னார்கள். ஐஸ் பெட்டியின் கண்ணாடி மூடியை இரண்டு பேர் தூக்கினார்கள். டீச்சருக்குக் கல்யாணப் பட்டுச்சேலை கட்டியிருந்தார்கள். இடது தோளுக்குக் கீழே, சேலைக்கு மேலேயே கருவியை வைத்தேன். கை சில்லிட்டது.

திரை விழித்துக்கொண்டது. பேஸ்மேக்கர் தட்டிக்கொண்டிருந்தது. நிமிடத்துக்கு எழுபது முறை, இரு பக்கமும், ஒரே கணத்தில், மிகச் சரியாக. ஒவ்வொரு தட்டுக்குப் பின்னும் வெறும் கோடு.

நிறுத்தினேன்.

மூடியை வைத்த பிறகு அருள்தாஸ் என் தோளைத் தொட்டு ஜன்னல் பக்கம் அழைத்துப் போனார். அழவில்லை. மெக்கானிக்கின் கேள்வியாகத்தான் கேட்டார். "ஒண்ணே ஒண்ணு கேக்கறண்ணா. வயர் போட்டப்போ நல்லாத்தான இருந்துச்சு? நடுவுல அந்த ஆறேழு மாசம் மட்டும் ஏன் அப்டி ஆச்சு? வண்டி ஓடிக்கினே இருக்கசொல்லோ திடீர்னு இழுக்காம போச்சுன்னா ஏதாவது ஒரு காரணம் இருக்குமில்ல?"

கேட்டார்! நேருக்கு நேராக, சரியான கேள்வியை, சரியான ஆளிடம் கேட்டார். ஜன்னலுக்கு வெளியே கொடியில் யார் வீட்டுத் துணியோ காய்ந்துகொண்டிருந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"அவங்க ஹார்ட்டு பொறந்ததே அப்படி, அருள்."

அவர் தலையாட்டினார். "அதுவும் அப்டித்தான் சொல்லிக்கினு இருந்துச்சு."

இந்த இடத்தில் நீ என்னைக் காறித் துப்பலாம். துப்பு. ஆனால் நீயும் அந்த ஜன்னலருகே நின்றிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பாய் என்று மட்டும் என்னிடம் சொல்லாதே. அதை நான் நம்பமாட்டேன்.

இப்போதும் அதே அறையில்தான் வேலை செய்கிறேன். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு கம்பியையும் இரண்டு முறை சோதிக்கிறேன். அதனால் காத்திருப்பவர்கள் திட்டுகிறார்கள். இதைப் பரிகாரம் என்று நீ எழுதிக்கொள்ளாதே. பயம் என்று எழுதிக்கொள்.

முப்பதாம் நாள் பூசைக்கு அருள்தாஸ் என்னை அழைத்திருந்தார். போகாமல் இருந்தால் சந்தேகம் வரும் என்று போனேன். பின் வரிசையில் உட்காரப் பார்த்தேன். அவர் விடவில்லை, கையைப் பிடித்து இழுத்து வந்து முதல் வரிசையில், தன் பக்கத்தில் அமர்த்தினார். டீச்சரிடம் படித்த பெண்கள் நிறையப் பேர் வந்திருந்தார்கள்.

பூசை முடியும் நேரம் பாதிரியார் நன்றி சொன்னார். உறவினர்களுக்கு, பள்ளிக்கு, பாடகர் குழுவுக்கு. பிறகு ஒரு துண்டுச் சீட்டைப் பார்த்து, "நம்ம பிலோமினாவுக்கு இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல ஆயுசு வாங்கிக் குடுத்த சகோதரர் சேகர் அவர்களுக்கு" என்றார். அருள்தாஸ் என் முழங்கையை மெல்லத் தள்ளினார். எழுந்து நின்றேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கும்பிட்டேன்.

உட்கார்ந்ததும் இறுதிப் பாட்டு தொடங்கியது. எனக்குத் தெரியாத பாட்டு. அருள்தாஸ் தன் பாட்டுப் புத்தகத்தைப் பாதி என் பக்கம் நகர்த்தி, கறுத்த விரலால் வரியைக் காட்டினார்.

நான் பாடினேன்.